யானையின் நிகர எடை

அந்த வெள்ளிக்கிழமை யானை வந்தபோது நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் எந்தக் கம்பி எந்தத் துளைக்குள் போகிறது என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை இருட்டியது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் 'கீ...' என்று மூச்சு விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். வாசல் முழுக்கச் சாம்பல் நிறத் தோல்.

"ஏனுங்க, எடை போடோணும்" என்றது தோலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பொள்ளாச்சிக்கு மேற்கே உள்ள சித்தூரிலிருந்து கிழக்கே மாநில எல்லைக்குப் போகும் ரோட்டில், ஒரு தேங்காய்க் களத்தை ஒட்டி அந்த எடைமேடை இருந்தது. லாரி அப்படியே ஏறி நிற்கிற இரும்புத் தளம். தளத்தை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறை. அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு கயிற்றுக் கட்டில், நான். தளத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். டிரைவர்களுக்கு அதன் வழியாகத்தான் சீட்டு நீட்டுவேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் பிறந்து, ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு எரித்து, ஆனைகட்டியில் ஓட்டல் பாத்திரம் கழுவி, கடைசியில் ஒரு லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டேன். அந்த லாரி இங்கே எடை போட நின்றபோது எனக்குக் கடும் காய்ச்சல். இறங்கிக் களத்து நிழலில் படுத்தேன். எழுந்து பார்த்தால் லாரி இல்லை. களத்தின் முதலாளியம்மா கஞ்சி கொடுத்தார். காய்ச்சல் விட்டதும் தேங்காய் மட்டை அள்ளினேன். பழைய ஆப்பரேட்டர் வளைகுடாவுக்குப் போனதும் அவன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். யானை வந்தபோது நான் அங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அங்கேதான்.

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழைய ஆப்பரேட்டர் ஒரு மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். லாரி சரக்கோடு ஏறினால் மொத்த எடை. சரக்கை இறக்கிவிட்டு வந்து ஏறினால் காலி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடை. கழித்தலை மெஷினே செய்துகொள்ளும். சிவப்பு எண் காட்டும் மீட்டர் ஒன்றும் இருந்தது. ஐப்பசி மழையில் இடி விழுந்து அதன் முகம் கருகிப் போனது. எடை கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து, திரையில் மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் வெறும் இரும்புத் தகடுதான்.

முந்தைய நாள் அக்கா கோயம்புத்தூரிலிருந்து ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். ஏதோ ஒரு காலேஜில் லேபை மூடிவிட்டார்களாம். சாக்குக்குள் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு திரை, ஒரு பிரின்டர். எங்கள் பழைய கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. இடத்தை வைத்துத்தான் அடிப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மாற்றினேன். கீபோர்டுக்கு ஊதா நிற உருண்டை முனை, மவுஸுக்குப் பச்சை. நிறத்தைப் பார்த்துச் சொருகினால் போதும். சுவிட்சைப் போடப் போனேன்.

"ஏந்தம்பி, பூஜை போடாம தொடாதே" என்று அக்கா ஈரத் தலையோடு வந்து நின்றார். கையில் கல்லில் இழைத்த சந்தனம், ஒரு கிண்ணம் நிறைய.

அவர் களத்தில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் நாலு மூலைக்கும் சந்தனம் வைக்காமல் வேலைக்கு இறங்காது. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவது போல. மட்டை உரிக்கும் பாரைக்கும் வைப்பார், புது டிராக்டருக்கும் வைப்பார், பஞ்சாயத்திலிருந்து வரும் ரசீதுக்கும் வைப்பார். திரைக்கு நாலு மூலை. பிரின்டருக்கு நாலு மூலை. மவுஸுக்கு மூலை கிடையாது. முதுகில் நாலு பொட்டு. கீபோர்டுக்கு நாலு மூலை, தாராளமாக. பிறகு, நான் கட்டில் மேல் கழற்றிப் போட்டிருந்த பழைய கீபோர்டைப் பார்த்தார்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு? இத்தனை நாளும் சோறு போட்டதாச்சே" என்று அதற்கும் நாலு மூலை வைத்தார்.

சூடம் காட்டி முடிக்கும்போது பத்தரை ஆகிவிட்டது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனார். பங்குனி வெயில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் அப்பளம் காய வைத்திருந்தால் காய்ந்திருக்கும்.

பன்னிரண்டு அடித்ததும் சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் 'கீ...' என்றது. திரையில் கம்பெனிப் படம் வந்து அப்படியே நின்றது. நான் மேசைக்கடியில் போனேன். அப்போதுதான் யானை வந்தது.

யானைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. தலையில் ஈரத் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி. நிற்கச் சொல்லி யானையின் காலைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"நாலு நாளாச்சுங்க, லத்தி போட்டு. திருவிழா முடிஞ்சு பக்கத்துத் தோப்புல நிக்கறோம். காஞ்ச ஓலையாத் தின்னுபோட்டான். உள்ள சாணம் கட்டிப் போச்சு. மூணு மணிக்கு டாக்டரு பொறப்படறாரு. எடை சொன்னாத்தான் அதுக்குத் தக்கன மருந்து எடுத்துட்டு வருவாரு."

"தோராயமா சொல்லக்கூடாதா, அண்ணே?"

"போன வருஷம் ஒரு பக்கம் கண்ணளவுல ஊசி போட்டு ஒரு யானை உழுந்துருச்சுங்க. அப்ப இருந்து அவரு சீட்டுப் பார்க்காம ஊசியத் தொட மாட்டாரு. இவனுக்கு இன்னிக்கு மருந்து போகலீன்னா..." அவர் யானையைத் திரும்பிப் பார்த்தார்.

மெஷின் கெட்டுக் கிடக்கிறது, அடுத்த எடைமேடைக்குப் போங்கள் என்றேன். அது ஏழு கிலோமீட்டர். பக்கத்துத் தோப்பிலிருந்து வருவதற்கே இவன் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான் என்றார். யானையின் வயிறு இரண்டு பக்கமும் மத்தளமாக உப்பியிருந்தது. எனக்கு யானை பற்றித் தெரியாது. பசித்த வயிறு தெரியும். வலிக்கிற வயிறும் தெரியும். அது நின்ற நிற்பு இரண்டாவது வகை.

"ஏறி நிக்கட்டும்ங்க. நீங்க அதுக்குள்ள பாருங்க" என்றார்.

ஏற்றுவது லேசாக இல்லை. இரும்புத் தளத்தில் முன்காலை வைத்ததும் அடியில் 'டொம்' என்று வெற்றுச் சத்தம் கேட்டது. யானை காலை எடுத்துக்கொண்டது. களத்துக் கீற்றெல்லாம் கொண்டு வந்து பரப்பினோம். யானைக்காரர் தானே நாலு தடவை ஏறிக் குதித்துக் காட்டினார். "பாருடா, நானே நிக்கறேன், உனக்கென்ன?" என்றார். யானை அவர் எடையையும் தன் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்த மாதிரி அசையாமல் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து ஏதோ நினைத்துக்கொண்டு தானாகவே ஏறியது. ஏறியதும் கீற்றையெல்லாம் உருவி எடுத்தோம்.

"இனி எறக்க மாட்டனுங்க. எறங்கினா ஏற மாட்டான்" என்று யானைக்காரர் ஜன்னல் ஓரமாக, ஒரு கை யானையின் காலிலும் ஒரு கை ஜன்னல் கம்பியிலுமாக நின்றுகொண்டார்.

மணி ஒன்று.

நான் முதலில் அணைத்துப் போட்டேன். கீ. பிரின்டரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். கீ. மவுஸைப் பிடுங்கினேன். புதுத் திரையை எடுத்துவிட்டுப் பழைய திரையை வைத்தேன். கீ. பழைய திரையில் அதே கம்பெனிப் படம், கொஞ்சம் மஞ்சளாக. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் கத்தும்போதும் யானை காதை விரித்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு அதுவும் அடித்தொண்டையில் உறுமிப் பதில் சொன்னது. மேசை அதிர்ந்தது.

"அவனுக்கு இந்தச் சத்தம் ஆகலீங்க. வலியில கூப்பிடற மாதிரியே இருக்குதுங்க" என்றார் யானைக்காரர்.

இதற்குள் பொள்ளாச்சிப் பக்கமிருந்து இளநீர் லாரி ஒன்று வந்து பின்னால் நின்றது. டிரைவர் ஹாரனைத் தொட்டவர், முன்னால் நிற்பது என்ன என்று பார்த்துக் கையை எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏனப்பா ஆப்பரேட்டரு, வண்டி எந்தூரு? ஆர்சி புக்கு இருக்குதா?"

"நாலு நாளா சைலன்சர் அடைச்சிருக்குதுங்க" என்றார் யானைக்காரர், சிரிக்காமல்.

டிரைவருக்கு முகம் மாறியது. லாரிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்து யானையின் முதுகில் ஊற்றினார். அக்கா ஓடி வந்தார். "தண்ணியெல்லாம் எடையில வரும்டா, ஊத்தாதே!" டிரைவர், "வெயில்ல நிக்குது, உங்களை நிக்க வெச்சா நிப்பீங்களாக்கா?" என்றார். அக்கா யோசித்துவிட்டுத் தானும் ஒரு குடம் கொண்டு வந்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. மாற்றிய சாமான்களில் மிச்சம் கீபோர்டுதான். ஊதா முனையைப் பிடுங்கிவிட்டுப் பழைய கீபோர்டைச் சொருகினேன். நேற்று சாயங்காலம் வரை அதில்தான் வேலை செய்தேன். அதில் ஒரு கோளாறும் கிடையாது. சுவிட்சைப் போட்டேன்.

கீ.

அங்கேதான் நான் வழி தவறினேன். புது கீபோர்டு கெட்டிருக்கலாம். ஆனால் நேற்று வரை ஓடிய பழைய கீபோர்டும் அதே நாளில் அதே மாதிரி கெடாது. ஆகவே கீபோர்டு குற்றவாளி இல்லை. கோளாறு பெட்டிக்குள்தான். எட்டாம் வகுப்பு வரை படித்த எவனும் அப்படித்தான் முடிவு செய்வான். பட்டம் வாங்கியவனும் அப்படித்தான் செய்வான் என்று இப்போது நினைக்கிறேன்.

சந்தேகம் தீர இரண்டு கீபோர்டையும் கழற்றிவிட்டுப் போட்டேன். கத்தல் நின்றது! யானைகூடத் திரும்பிப் பார்த்தது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீபோர்டு இல்லை, தொடர எஃப் ஒன் விசையை அழுத்தவும்.

"என்னங்குது?" என்றார் அக்கா.

"கீபோர்டு இல்லையாம்க்கா. கீபோர்டுல எஃப் ஒன்ன அழுத்தச் சொல்லுது."

"இல்லாததுல எப்படி அழுத்தறது?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "எங்க ஊர்ல ஒரு ஆபீஸ்ல இப்படித்தானுங்க. ரேஷன் கார்டு தொலைஞ்சு போச்சுன்னு போனா, ரேஷன் கார்டக் காட்டுங்கன்னாங்க."

கீபோர்டைச் சொருகி எஃப் ஒன்னை அழுத்தினேன். கீ. விரல் வலிக்க அழுத்தினேன். கீ. மற்றதையும் சொருகி அழுத்தினேன். கீ.

"பூஜையில ஏதோ கொறை" என்றார் அக்கா. "காத்தால சூடம் பாதியில அணைஞ்சுது, எனக்கு அப்பவே மனசு சரியில்லை." கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, எல்லாவற்றுக்கும் மறுபடி நாலு மூலை வைத்தார். இந்த முறை இன்னும் தாராளம். சூடம் காட்டினார். ஜன்னல் வழியாக யானைக்கும் காட்டினார். மீதிச் சந்தனத்தோடு யானையின் நெற்றிப் பக்கம் கை நீட்டியபோது யானைக்காரர் தடுத்தார். "இப்ப வேண்டாமுங்கக்கா. அவனுக்கு இருக்கற எரிச்சல்ல அதும் வேற."

நான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தென்னை நார்த் தூசு ஒரு சாண். பழைய ஆப்பரேட்டர் சொல்லியிருந்தான்: எழுந்திருக்காவிட்டால் ராம் என்று ஒரு பச்சைப் பட்டை இருக்கும், அதைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்துச் சொருகு. ரப்பர் யாரிடம் இருக்கிறது? கூலி ஆட்கள் இருக்கிற களம் அது. பென்சில் பிடிக்கிறவர் யாரும் இல்லை. டிரைவர் தன் ஹவாய்ச் செருப்பைக் கழற்றி நீட்டினார். அக்கா, "சாமி கும்பிட்ட சாமானு, செருப்பு படலாமா?" என்றார். யானைக்காரர் தன் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதனால் தேய்த்துச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

கீ. யானை உறுமியது.

மணி இரண்டேகால். யானைக்காரரின் போன் அடித்தது. டாக்டர். ஸ்பீக்கரில் போட்டார்.

"எடை ஆச்சா?"

"யானை ரெடிங்க, சார். மெஷின் எந்திரிக்கலீங்க."

"நான் மூணு மணிக்குக் கிளம்பணும். இங்க இருந்து மருந்து, சலைன் எல்லாம் அளந்து எடுத்துட்டு வரணும். வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. வேற யானையும் காத்திருக்கு. இரண்டே முக்காலுக்குள்ள சொல்லு."

போனை வைத்தபின் யானைக்காரர் யானையின் கால் நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார், ஏதோ விலாசம் சொல்வது போல: "பதினோரு வருஷமாச்சுங்க, என்ற கிட்ட வந்து. எனக்கு வேற வேலை தெரியாது. அவனுக்கும் வேற ஆளைத் தெரியாது."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இதுபோன்ற நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வது பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவது. ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு அணைந்து ஒரு அறைக் காய் வீணானபோது அதைத்தான் செய்தேன். பை கட்டிலுக்கடியில்தான் இருந்தது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு இளநீர் லாரி, ஜன்னலை அடைத்துக்கொண்டு யானை. போக வழியில்லை என்பதால் இரண்டு கீபோர்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யானைக்காரர் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மேலே இருந்த கீபோர்டை எடுத்தார். புதியது. வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் கட்டை மட்டும் உள்ள போயிருக்குது?"

"எது?"

"மூலையில. எல்லாம் மேல நிக்குது, இது குழியில கெடக்குது." நகத்தால் சுரண்டினார். "சந்தனமுங்க. காஞ்சா விடாது. திருவிழாவுல இவன் நெத்தியில அப்பி வெச்சுடுவாங்க, ராத்திரியே நனைச்சு எடுக்கலீன்னா தோலோட இழுக்கும். நான் தெனம் இதத்தானே சுரண்டறேன்."

நான் மடியிலிருந்த பழையதைப் பார்த்தேன். இடது பக்க மேல் மூலையில் இருந்த விசை, குழைத்த சந்தனத்துக்குள் அமுங்கி, சுண்ணாம்பில் பதிந்த கல் மாதிரி கிடந்தது. காலையில் வைத்தது ஒரு அடுக்கு. மத்தியானம் வைத்தது இன்னொரு அடுக்கு. யாரோ விரலை எடுக்காமல் ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்திருக்கிறது. எடு எடு என்று இரண்டு மணி நேரமாகக் கத்தியிருக்கிறது. நேற்று வரை ஓடிய கீபோர்டும் அதே நாளில் அதே மாதிரி கெட்டுத்தான் இருந்தது. மரியாதை செய்ததில்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா வாசலில் சூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். யானைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சூடத் தட்டைப் பிடித்திருந்தது எனக்குக் கஞ்சி கொடுத்த கை.

யானைக்காரர் யானை தேய்க்கும் தேங்காய் நாரைக் குடத்தில் நனைத்து, யானையின் நெற்றிக்கு எப்படிச் செய்வாரோ அப்படி, ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். பிறகு நுனி விரலால் தட்டினார். விசை 'டக்' என்று மேலே வந்தது. இன்னும் மூன்று மூலை. கீழ் மூலையில் ஒன்று அமுங்கியிருந்தது, அதுவும் 'டக்'. கையால் துடைத்துக் கொடுத்தார். சொருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

ஒரே ஒரு சின்ன 'பிப்'. அவ்வளவுதான். பிறகு அமைதி. கம்பெனிப் படம் போனது.

"நான் சொல்லலை? ரெண்டாவது சூடத்துக்கு எந்திரிச்சுட்டான் பாரு" என்றார் அக்கா.

"ஆமாக்கா" என்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர் முழுதாக விழிக்கப் பத்து நிமிடம் ஆகும். நாங்கள் நால்வரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். யானை ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டு மேசை விளிம்பை முகர்ந்தது. இரண்டு நாற்பதுக்கு எடைப் பக்கம் திறந்தது. திறந்ததும் வண்டி எண் கேட்டது.

"அவனுக்குத் தோலுக்கடியில சிப்பு வெச்சிருக்குதுங்க, காதுக்குப் பின்னால. நம்பர் எனக்கு மனப்பாடம்" என்று யானைக்காரர் ஒப்பிக்க ஆரம்பித்தார். பதினைந்து இலக்கம். திரையில் இருந்த கட்டம் பத்து இலக்கத்துக்கு மேல் வாங்கவில்லை. கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் 'ஆனை' என்று அடித்தேன். ஒத்துக்கொண்டது. எத்தனை சக்கரம் என்று கேட்டது. நாலு. பார்ட்டி பெயர் கேட்டது. யார் யானை, எந்தக் கோயில் என்று விசாரிக்க நேரமில்லை. தோட்டக்காரர்களுக்குப் போடுவது போல 'சொந்தம்' என்று போட்டேன். யானைக்காரர் மறுக்கவில்லை. சரக்கு என்ன என்று கேட்டது. பட்டியலில் தேங்காய், மட்டை, நெல், வைக்கோல், சாணி உரம், ஓலை. இவற்றில் ஒன்றைத்தான் தொட முடியும்.

"உள்ள இருக்கறது என்ன?" என்றார் அக்கா.

"ஓலைதானுங்க" என்றார் யானைக்காரர்.

"அப்ப ஓலைன்னு போடு."

யானைக்காரர் தளத்திலிருந்து குதித்து நாலே விநாடி தள்ளி நின்றார். யானை அவரைத் தேடித் திரும்புவதற்குள் விசையை அழுத்தினேன். மொத்த எடை நாலாயிரத்து இருநூற்று எண்பது. எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். யானைக்காரர் போனில் அந்த எண்ணை மூன்று தடவை கத்தினார். டாக்டர் ஒரே தடவையில் எழுதிக்கொண்டார்.

டாக்டர் ஐந்து மணிக்கு வந்தார். தோப்பில் தென்னை மரத்தில் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். நானும் களத்து ஆட்களும் முறை போட்டுப் பாட்டில் மாற்றினோம். இளநீர் டிரைவர்கூடப் போகிற வழியில் நிறுத்தி, "சைலன்சர் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். இன்னும் இல்லை என்போம். யானைக்காரர் அந்த இரண்டு நாளும் டீ மட்டும் குடித்தார்.

எனக்கு வேறொரு தொல்லை. சுவிட்சைப் போடும்போதெல்லாம் திரையின் மேலே மஞ்சளாக ஒரு வரி வந்தது. 'ஆனை, நாலு சக்கரம், ஓலை: சரக்கு இன்னும் இறக்கப்படவில்லை.' அதை அழிக்க எனக்குத் தெரியாது. வருகிற டிரைவர்கள் எல்லாரும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தோப்புப் பக்கமிருந்து ஒரு சத்தம். யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று ஓடினோம். யானைக்காரர் முழங்கால் வரை லத்தியில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். யானை, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதது போலப் பக்கத்தில் நின்றது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் யானைக்காரர் யானையைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். முகம் மழித்திருந்தார். "டாக்டரு இன்னொருக்கா எடை கேட்டாருங்க. இறக்கிட்டு வந்தாச்சு." இந்த முறை யானை யாரும் குதித்துக் காட்டாமலேயே ஏறியது. மஞ்சள் வரியைத் தொட்டேன். காலி எடை விழுந்தது. நாலாயிரத்து நூற்று ஐம்பது. மெஷின் கழித்தது. பிரின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டை நீட்டியது.

வண்டி: ஆனை. பார்ட்டி: சொந்தம். சரக்கு: ஓலை. நிகர எடை: நூற்று முப்பது கிலோ.

அந்த இரண்டு வருடத்தில் நான் கொடுத்த சீட்டுகளில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத சீட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

"இரு, இரு. சும்மா கொடுக்காதே" என்று அக்கா கிண்ணத்தோடு வந்தார். நான் கீபோர்டைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன். பழையதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு மட்டும் நாலு மூலை வைத்தார். ஜன்னலுக்கு அப்பால் யானைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்கு என்று அக்கா கேட்டார். "சந்தோஷமுங்கக்கா" என்றார். சீட்டைச் சந்தனம் காயும்வரை ஊதி, மடித்து, வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

யானை பின்வாங்கி இறங்கித் தோப்புப் பக்கம் நடந்தது. கீபோர்டைச் சொருகிவிட்டுத் திரையைப் பார்த்தேன். மேடை காலி. ஆனால் எண் பூஜ்யத்துக்கு வரவில்லை. பத்து என்று காட்டியது. ஒரு நிமிடம் பார்த்தேன். பத்துதான்.

இந்த முறை நான் எந்தக் கம்பியையும் பிடுங்கவில்லை. துடைப்பத்தையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.